சோகைக்குத் தீ வைக்கலாமா?

மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு நாம் செல்லும்பொழுது ஒரு காட்சியைக் கண்டு வருந்துகிறோம். பெரியாற்றுப் பாசனத்தில் வளர்ந்த கரும்பிலிருந்து உரித்த சோகை வரப்போரம் குவிகிறது. பலர் அதற்குத் தீ வைத்துவிடுகின்றனர். நிலம் சுத்தமாயிற்று என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சோகையிலிருந்த தழைச்சத்தின் பெரும் பகுதியும், மண்ணை வளமாக்கும் அங்ககப் பொருளும் புகையாய்ப் போய்விடுகின்றன.

அச்சோகையை எருவாக்கித் தரும் வேலையாட்கள் நம் மண்ணிலேயே இருக்கின்றனர். அவை பூஞ்சணங்கள். சோகை, வைக்கோல், பருத்தி ஆகியவற்றில் மிகுதியாயுள்ள நார்ப்பொருள் செல்லுலோஸ் எனப்படும். குளுகோஸ் சர்க்கரைக் கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் இணைந்ததே அது. பூஞ்சணத்துக்கு வாயுமில்லை, வயிறுமில்லை. ஆகவே செல்லுலேஸ் எனும் நொதிகளை அது உடலுக்கு வெளியே சுரக்கிறது. ஒரு நொதி சங்கிலியை நடுவில் துண்டிக்கிறது. மற்றொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாகக் கழற்றுகிறது. மூன்றாவது அவ்விரண்டையும் பிரித்துக் குளுகோஸாக்குகிறது. அதனைப் பூஞ்சணம் உறிஞ்சிக் கொள்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இவ்வாற்றல் நன்கு வெளிப்பட்டது. தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் விரைவில் இற்றுப்போயின. சாலமன் தீவுகளில் இவ்வாறு கண்டெடுத்த டிரைக்கோடெர்மா இனப் பூஞ்சணத்துக்கு, 1977இல் ஆராய்ச்சியாளர் எல்வின் ரீஸின் பெயர் சூட்டப்பட்டது. படைக்குப் பகையான அதன் உறவினங்கள் உழவருக்கு நண்பர்கள்.

இந்நண்பர்களுக்கு வேண்டுவன மூன்று: ஈரம், காற்று, தழைச்சத்து. சோகையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கும் மேல் கரிமம் இருப்பதால், தழைச்சத்தை நாம் சேர்த்தல் அவசியம். தென்னை நார்க்கழிவை மக்கவைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் முறையில், சிப்பிக்காளான் வித்தோடு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் இடப்படுவது இக்காரணம் பற்றியே.

சோகையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிழலான மேட்டில் அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் சாணிக் கரைசல் தெளித்து, 4 அடி உயரம் குவிக்கலாம். கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியவேண்டும், நீர் ஒழுகலாகாது. 15 நாட்களுக்கொருமுறை புரட்டிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். கறுத்து, உதிர்ந்து, மண்வாசனை வீசினால் எரு தயார்.

ஓர் எச்சரிக்கை: மக்காத சோகையை மடக்கி உழுதவுடன் விதைக்கலாகாது. பூஞ்சணங்கள் மண்ணின் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளித்துவிடும்.

ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊரில் ஒரு குவியலையேனும் எல்லோரும் காணும் இடத்தில் அமைத்துக் காட்டுவார்களாக. அந்த எருவைக் கையில் அள்ளிப் பார்த்தவர் மறுபடியும் தீப்பெட்டியைத் தேடமாட்டார்.