விளக்கக் கட்டுரை எழுதப் போறீங்களா?

'மழைநீர் சேகரிப்பு'ன்னு தலைப்பு கொடுத்தா, "நீரைக் காப்போம், நாட்டைக் காப்போம்"னே பலர் ஒரு பக்கத்தை நிரப்பிடறாங்க. அது மேடைப் பேச்சு. விளக்கக் கட்டுரை என்பது தெரியாதவருக்குப் புரிய வைப்பது.

முன்னுரை இரண்டு வரி போதும்: தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது.

பொருளுரையில்தான் வேலையே இருக்கு. மொட்டை மாடியில் விழும் மழை குழாய் வழியே இறங்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியில் வடிந்து, நிலத்துக்குள் போகிறது. இந்த வரிசையிலேயே எழுதுங்க. கணக்கும் சொல்லுங்க: 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். பத்து ஆச்சரியக்குறியை விட இது மேல்!

முடிவுரையில் புதுச் செய்தி வேண்டாம்.

எழுதினதைத் தம்பி, தங்கையிடம் படித்துக் காட்டுங்க. "குழியில எதுக்கு மணல்?"னு கேட்டா, அங்கே இன்னும் ஒரு வரி தேவை.