நர்சிங் சேர்ந்த பிள்ளை வார்டுக்குப் போகும் முன்

நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்ததும் வீட்டில் முதலில் வாங்குவது யூனிஃபார்ம் துணி, வெள்ளை ஷூ, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம். தடுப்பூசிப் பேச்சு எழுவது, "அடுத்த வாரம் வார்டு போஸ்டிங், ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொண்டு வா" என்று கல்லூரியில் சொன்ன பிறகுதான். சர்டிஃபிகேட்டை ஒரே நாளில் வாங்கிவிடலாம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற மாதக்கணக்கு ஆகும். நர்சிங் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவள் என்ற உரிமையில், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

1. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) ஊசிக் கணக்கைத் தொடங்குங்கள். மொத்தம் மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. ஏப்ரலில் தொடங்கினால் மே, பிறகு அக்டோபர் என்று முடிந்துவிடும். கல்லூரி திறந்தபின் தொடங்கினால் முதலாண்டின் பெரும்பகுதி பாதுகாப்பில்லாமல் வார்டில் கழியும். இந்த ஊசியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, இந்தக் கிருமி உள்ள நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 30 வரை போகும். எச்ஐவி என்றால் எல்லோரும் நடுங்குகிறோம். அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 3. எச்ஐவிக்குத் தடுப்பூசி கிடையாது, இதற்கு இருக்கிறது.

நேரம் போதவில்லை என்றால் 0, 1, 2 மாதங்களில் மூன்று ஊசியும் 12-ஆம் மாதம் நான்காவதும் போடும் விரைவு முறை உண்டு. டாக்டரிடம் கேளுங்கள். இரண்டாவது ஊசியோடு விட்டுப்போயிருந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

2. "அதெல்லாம் சின்ன வயசுலயே போட்டாச்சு சிஸ்டர்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் மஞ்சள் காமாலை பி-யும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் சிலருக்குத் தனியாகப் போட்டிருப்பார்கள், சிலருக்குப் போட்டிருக்க மாட்டார்கள். பீரோவில் ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழோடு கிடக்கும் பழைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தேதி எழுதியிருந்தால் மட்டுமே கணக்கு. அட்டை இல்லையென்றால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இந்த ஊசியை மறுபடி போடுவதால் கெடுதல் இல்லை.

3. இந்த ஊசியை மேல்கைத் தசையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக ஏறாது. பழக்க தோஷத்தில் யாராவது இடுப்பைக் காட்டச் சொன்னால் "கையில் போடுங்க சிஸ்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

4. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி கிளினிக்குக்கு எடுத்துப் போவதாக இருந்தால், போடும் நாளிலேயே வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டிய மருந்து இது. ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி வைக்காதீர்கள், வீட்டு ஃப்ரீசரில் ஒருபோதும் வைக்காதீர்கள். உறைந்த ஊசி வீரியம் இழந்துவிடும். அதைப் போடுவதும் போடாததும் ஒன்றே.

5. மூன்றாவது ஊசி போட்டு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் 'டைட்டர்' என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆன்டி ஹெச்பிஎஸ் அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி வேலை செய்திருக்கிறது என்று பொருள். சிலருக்கு மூன்று ஊசி போட்டும் ஏறாது. அவர்கள் இன்னொரு சுற்று போட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். பொது மக்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் தினமும் ஊசியும் ரத்தமுமாகப் பழகப்போகிற பிள்ளைக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டும். நாளை ஊசி குத்திவிட்டால் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இதுதான்.

6. தட்டம்மை, ரூபெல்லா: 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு எம்ஆர் தடுப்பூசி முகாம் தொடங்கியது. பள்ளிகளிலேயே போட்டார்கள். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியைப் பார்த்து அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருந்த வீடுகளும் உண்டு. உங்கள் வீடு எது என்று உங்களுக்கே தெரியும். தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தருவது எம்எம்ஆர். ஆதாரம் இல்லாதவர்கள் இதை நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட்டுக்கொள்வது நல்லது. பிரசவ வார்டில் நிற்கிற மாணவிக்கு ரூபெல்லா வந்தால், அங்கே வரும் இளம் கர்ப்பிணியின் வயிற்றிலிருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றுக்கும் ஆபத்து.

7. சின்னம்மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அம்மை கண்டால் வேப்பிலை கட்டி, தனி அறையில் படுக்க வைத்து, தண்ணீர் ஊற்றும் நாள் வரை டாக்டரிடம் போவதில்லை. அதனால் எழுத்துப்பூர்வமான பதிவு இருக்காது. "எனக்கு அம்மை போட்டிருக்கு" என்று பிள்ளை சொல்லும். எந்த அம்மை என்று அதற்குத் தெரியாது. பாட்டியைக் கேளுங்கள். நீர் கோத்த கொப்புளமாக வந்ததா, வேர்க்குரு மாதிரி சிவந்து தடித்ததா, கன்னம் வீங்கியதா? நீர்க்கொப்புளம் என்றால் மட்டுமே சின்னம்மை. நெற்றியிலோ புருவத்தின் மேலோ சிறு குழித் தழும்பு இருந்தால் அதுவும் ஒரு துப்பு.

சின்னம்மை ஊசி அரசின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் குழந்தைப் பருவத்தில் வராமல் தப்பி, வளர்ந்தபின் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். வளர்ந்தவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரை பாதிக்கலாம். கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே மற்றவருக்குப் பரவும். அதாவது, நன்றாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒரு மாணவி புற்றுநோய் வார்டுக்கும் பச்சிளம் குழந்தை வார்டுக்கும் அதைக் கொண்டுபோய்விடக்கூடும். வந்ததா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம், அல்லது நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொள்ளலாம்.

8. எம்எம்ஆர், சின்னம்மை இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசிகள். கர்ப்பமாக இருப்பவர்கள் போடக்கூடாது. போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். திருமணமான மாணவிகள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் இரு கைகளில் போடலாம். ஒரே நாளில் முடியாவிட்டால் நான்கு வாரமாவது இடைவெளி விட வேண்டும்.

9. காசநோய்க்கான மான்டூ பரிசோதனையை இந்த இரண்டு ஊசிகளுக்கும் முன்பே, அல்லது அதே நாளில் செய்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு உடனே செய்தால், தொற்று இருந்தும் இல்லை என்று காட்டலாம். வரிசை தப்பினால் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க நேரும்.

10. மான்டூவை திங்கள் அல்லது செவ்வாய் போட்டுக்கொள்ளுங்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காட்டியாக வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு குறுக்கே வரும். முன்கையின் உட்புறத்தில் தோலுக்குள் ஒரு சொட்டளவு மருந்து செலுத்துவார்கள். கொசு கடித்த தடிப்புபோல வெளுத்து எழும்பி, சற்று நேரத்தில் அமுங்கும். அதைச் சொறியவோ பிளாஸ்திரி ஒட்டவோ கூடாது. குளிக்கலாம்.

மான்டூ முடிவைப் படிக்கத் தெரிந்தவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனியுங்கள், நாளை நீங்களே செய்ய வேண்டிய வேலை. பால்பாயின்ட் பேனாவை வெளியிலிருந்து தடிப்பை நோக்கி மெல்ல இழுப்பார்கள். தடிப்பின் விளிம்பில் பேனா தட்டி நிற்கும். அங்கே ஒரு கோடு. எதிர்ப்பக்கமிருந்தும் அப்படியே. கைக்குக் குறுக்காக இரு கோட்டுக்கும் நடுவே அளப்பார்கள். சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பை மட்டுமே. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் பாசிட்டிவ்.

பாசிட்டிவ் என்றதும் அழ வேண்டாம். கிருமி எப்போதோ உடம்பில் நுழைந்து அடங்கிக் கிடக்கிறது என்றுதான் பெரும்பாலும் பொருள். நோய் வந்துவிட்டதாகப் பொருள் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நர்சிங் மாணவியரிடம் நடந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேர் பாசிட்டிவ். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன என்பதை டாக்டர் சொல்வார். "பிசிஜி போட்டிருக்கே, எப்படி வரும்?" என்று கேட்பார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி 15 ஆண்டு தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வே, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு அது அரண். வார்டில் உங்களுக்கு அரண் என்-95 முகக்கவசம்தான், அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்.

11. டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான டிடி ஊசி 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளியிலேயே போட்டிருப்பார்கள். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். புதன்கிழமை தடுப்பூசி நாள்.

12. ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒன்று. ஹாஸ்டல் சாப்பாடு, ஹாஸ்டல் தண்ணீர் என்றால் டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது.

13. ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. அதற்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்கில் நின்று மயங்கி விழும் பிள்ளையைப் "பயந்தாங்கொள்ளி" என்பார்கள். பல நேரம் காரணம் குறைந்த ரத்தமும் காலைப் பட்டினியும். இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு சாப்பிடலாம். காபி, டீ, பாலோடு வேண்டாம். மாத்திரை தொடங்கியதும் மலம் கறுப்பாகப் போவது வழக்கம்தான். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

14. ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் காமாலை பி பாசிட்டிவ் என்று வந்தால் வாழ்க்கை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். எச்ஐவி விஷயத்தில் சட்டமே துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி, படிப்பில் சேர்க்கவோ வேலை தரவோ எச்ஐவி பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. எந்த முடிவானாலும் அது பிள்ளையின் சொந்த விஷயம். வகுப்பறை நோட்டீஸ் போர்டில் பெயர்ப் பட்டியலாக ஒட்டுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

15. கேட்டு வாங்க வேண்டியவை: ஆண்டுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, ஒவ்வொரு மாணவருக்கும் தனி உடல்நலப் பதிவேடு ஆகியவற்றை நர்சிங் பள்ளி, கல்லூரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளும், கழிவைக் கையாளும் எல்லோருக்கும் மருத்துவமனை இந்த ஊசிகளைப் போட வேண்டும் என்கின்றன. ஊசிக்கென்று தனிப் பணம் கேட்டால், பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து போய் மரியாதையாகக் கேளுங்கள்.

16. எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல். ஊசியின் பெயர், தேதி, பேட்ச் எண், எந்தக் கை, போட்டவர் கையெழுத்து. கல்லூரிக்கு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் வீட்டில் இருக்கட்டும். போனிலும் ஒரு படம். நாளை வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ வேலைக்குப் போகும்போது இதையேதான் கேட்பார்கள்.

17. இவ்வளவு செய்தபின்னும் ஊசி குத்தலாம். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடும்போதுதான் நிறையக் குத்துகிறது, அதனால் மூடவே வேண்டாம். குத்தினாலும் துளைக்காத வெள்ளைப் பெட்டியில் நேரே போடுங்கள். குத்திவிட்டால் விரலை வாயில் வைக்காதீர்கள், பிதுக்காதீர்கள், பிளீச், ஸ்பிரிட் எதுவும் ஊற்றாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் ரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள், திட்டுவார்களே என்று ஹாஸ்டல் போய்ச் சேரும்வரை வைத்திருக்காதீர்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி தாண்டினால் பயன் இல்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மஞ்சள் காமாலை பி ஊசி போடாதவர்களுக்கும், போட்டும் டைட்டர் ஏறாதவர்களுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படலாம். முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். நடுராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. இரண்டையும் பிள்ளையின் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.