கண்ணை மூடி உட்காரும் முன்



போன மாதம் ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். மகன் மட்டக்களப்பில் படிக்கிறான். கொழுந்து எடுத்த காசில்தான் அந்தப் படிப்பு. அங்கே வாவிக்கரைப் பக்கம் ஒரு தியானக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். "மனசு அடங்கிட்டா குளிசை எதுக்கு?" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்கில் கொடுத்த குளிசையை அவனும் நிறுத்திவிட்டான். இப்போது நாலு ராத்திரியாகத் தூக்கமில்லை. "தியானம் நல்லதுதானேங்க, நான் என்னன்னு சொல்லி மறிக்கிறது?" என்று கேட்டார் அந்தத் தாய். அந்தக் கேள்விதான் இந்த மாதப் பாடம்.

தியானம் நல்லதுதான். அதில் நமக்குச் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் மனம் உடைந்தவர்களுக்கு மருத்துவத்தோடு சேர்த்து அவரவர் சமயத்து அமைதிப் பயிற்சியையும் பயன்படுத்தினார். இந்துக்களுக்கு மந்திர ஜபம், முஸ்லிம்களுக்கு திக்ர், கிறிஸ்தவர்களுக்கு ஜெபமாலை. சுனாமிக்குப் பின் வடகிழக்குக் கரையோர முகாம்களில் 31 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2008இல் அது வெளியானது. ஒரு பகுதிப் பிள்ளைகள் நடந்ததை ஆரம்பம் முதல் கதையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் நூற்றுக்கு 81 பேரும், தியானம் செய்தவர்களில் 71 பேரும் தேறியிருந்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் அதற்கென்றே படித்த உள்ளூர் ஆலோசகர்கள். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று முதலில் கேட்டார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். மண்டபம் நிறைய ஆளை உட்கார வைத்து, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிற வேலை அல்ல அது.

கண்ணை மூடி அசையாமல் இருக்கும்போது கைக்கு வேலையில்லை, பேச்சில்லை. அப்போது அடக்கி வைத்த நினைவு மேலே வரும். மட்டக்களப்பில் 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன குடும்பங்கள் எத்தனை! 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். நம் பக்கத்தை எடுத்தால், 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. இப்படி ஒன்றைக் கண்ட பிள்ளைக்கு மூச்சைக் கவனிப்பதே மூச்சடைப்பாக மாறலாம். படபடப்பு, தூக்கமின்மை, சுற்றி இருப்பதெல்லாம் கனவு மாதிரித் தெரிவது, இவையும் தியானத்தில் வரக்கூடும் என்று 2017இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்கள் விசாரித்தது பழகிய தியானிகளை. அவர்களுக்கே அப்படி என்றால் புதிதாக வந்த மாணவனுக்கு?

"எந்தப் பிள்ளைக்கும் பலன் தரும்" என்ற பேச்சும் சரியில்லை. இங்கிலாந்தில் 11 முதல் 14 வயது வரையான 8000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வழக்கமான பாடத்தோடு ஒப்பிட்டால் மனநலத்தில் கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது.

பேராதனைக்குப் பக்கத்தில் ஹிந்தகலையில் தம்மகூட விபாசனா நிலையம் இருக்கிறது. பத்து நாள் மௌனம், கட்டணம் கிடையாது. சேருமுன் மனநோய் இருந்ததா, மருந்து எடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். இது மருத்துவத்துக்கு மாற்று அல்ல, கடும் மனநோய் உள்ளவர்களுக்கு ஏற்றதும் அல்ல என்று அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவுகூடக் கேட்காத கூட்டத்தை எப்படி நம்புவது?

ஆகவே பிள்ளை போகிற இடத்தில் பெற்றோர் தயங்காமல் கேளுங்கள். சொல்லித் தருபவர் எங்கே படித்தார்? பிள்ளைக்குப் பயம் வந்தால் பாதியில் எழுந்து போகலாமா? ஏதாவது ஆனால் எந்த வைத்தியரிடம் கொண்டுபோவார்கள், வீட்டுக்கு யார் சொல்வார்கள்? "நம்பிக்கை இல்லாதவங்கதான் இப்படிக் கேப்பாங்க" என்று பதில் வந்தால் பிள்ளையை அங்கே விடாதீர்கள். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், படிக்கிற பிள்ளையை உட்கார வைத்தவருக்கு அந்தப் பிள்ளை மேல் பொறுப்பு உண்டு.

குளிசையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. அடங்கியிருந்த நோய் திரும்பி வரலாம். குறைப்பதோ நிறுத்துவதோ வைத்தியர் சொல்லித்தான். இரண்டு மூன்று ராத்திரி தூங்காமல் இருந்தாலோ, தனக்குத்தானே பேசினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ பயிற்சியை அன்றே விட்டுவிட வேண்டும். தனியாக விடாமல் யாராவது கூட இருந்து வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகவேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமானால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் 1929.

அந்தத் தாய் எங்கள் அலுவலகத்திலிருந்தே மகனுக்குப் போன் எடுத்தார். தியானத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "ராத்திரி ஒனக்கு ஒண்ணு ஆனா, அங்க யாரைக் கூப்பிடுவே?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மறுநாள் காலையில் அறைத் தோழன் ஒருவனோடு கிளினிக்குக்குப் போயிருக்கிறான்.