அப்பாவின் பூர்வீகம்

கேள்வி: காலமான அப்பாவுக்குப் பூர்வீகம் திண்டிவனம் பக்கம், வேலை பார்த்தது விழுப்புரத்தில். அவர் வாழ்க்கையை எழுதிவைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: அப்பாவின் சகோதரி, அதாவது உங்கள் அத்தை இருந்தால், முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். குலதெய்வம், பங்காளிகள், எந்த ஊரில் பெண் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, பெட்டியிலுள்ள பழைய கிரயப் பத்திரங்கள். எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், அவரவர் தகப்பனார் பெயர், ஊர், நான்கெல்லை எல்லாம் அதில் இருக்கும். ஒரே தாளில் இரண்டு தலைமுறை! 'தென்னாற்காடு ஜில்லா' என்றிருந்தால் குழம்பவேண்டாம். 1993 செப்டம்பர் 30-இல்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது. அதுவரை அது தென்னாற்காட்டில்தான் இருந்தது, தலைமையிடம் கடலூர்.

பத்திரமே இல்லையா? சர்வே எண் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பாட்டிகளின் பெயர் பத்திரங்களில் அபூர்வம். அதையும் அத்தையிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.