பால்கறி ஏன் திரிகிறது?

கேள்வி: லயத்துத் தோட்டத்தில் பறித்த பூசணிக்காய், பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு போட்டுப் பால்கறி வைத்தால் பால் திரிந்துவிடுகிறது. ஏன்?
– வாசகி, எஹலியகொட

பதில்: முதற்பாலை முன்னதாகவே ஊற்றிக் கொதிக்க விடுகிறீர்கள் போலும். கடும் சூட்டில் தேங்காய்ப்பாலின் புரதம் திரண்டு, எண்ணெய் பிரியும். மரவள்ளியை முதலில் தனியே, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதில் சயனைட் நஞ்சு உண்டு. இதில் மட்டும் அவசரம் வேண்டாம். பிறகு இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, றம்பையோடு பயற்றங்காயை வேகவிட்டு, பாதி வெந்ததும் பூசணியைப் போடுங்கள். அப்போதுதான் பறித்த பூசணி தானே நீர் விடும், பாலை அளவாக ஊற்றுங்கள். அவித்த கிழங்கையும் உப்பையும் சேர்த்து, தணலைக் குறைத்து முதற்பாலை ஊற்றிக் கிளறுங்கள். நுரை கூடும்போதே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான்.