தோளில் தழும்பு இருந்தால் டி.பி. வராதா?

கேள்வி: என் மாமியாருக்குச் சளிப் பரிசோதனையில் டி.பி. என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்குப் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தழும்பு இருப்பதால் பயமில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஆனால் டி.பி. கிருமி இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் போட்ட மாண்டூ ஊசி நன்றாகத் தடித்துவிட்டது. பழைய தடுப்பூசியால் இருக்குமா டாக்டர்?
- ஒரு வாசகி, திருவந்திபுரம்

பதில்: அக்காவின் பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள். குழந்தைகளைத் தாக்கும் டி.பி. மூளைக்காய்ச்சலைத் தடுப்பதில் பி.சி.ஜி. கெட்டிக்கார ஊசிதான். பெரியவர்களின் நுரையீரலை அது நம் ஊரில் காக்குமா என்பதை நம் செங்கல்பட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய ஆய்வில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி., மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. 15 ஆண்டுகள் கண்காணித்தும், பெரியவர்களுக்குப் பலன் எதுவும் தென்படவில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும், டி.பி. கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு கிருமிகள் நம் உடம்பை முன்பே பழக்கிவிடுவது காரணமாகலாம் என்பார்கள். எனக்கு அது பாதி விடையாகத்தான் படுகிறது.

டி.பி. கிருமியே விசித்திரமானது. தன்னை விழுங்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அங்கே எட்டாது. டி அணுக்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்கள்தான் சுற்றி வளைத்து அடைத்து வைக்க வேண்டும். அந்த அணுக்களைப் பழக்கும் புதுத் தடுப்பூசிகளில் எம்72 முன்னணியில் நிற்கிறது. கிருமி ஏற்கெனவே உடம்பில் உறங்கிக்கொண்டிருந்த பெரியவர்களில் நோய் வருவதை அது சுமார் பாதியாகக் குறைத்ததாக 2019-இல் முடிவு வந்தது. இறுதிக்கட்டச் சோதனை 2024-இல்தான் தொடங்கியது. நீங்கள் அதற்காகக் காத்திருக்க முடியாது.

மாண்டூ ஊசியில் இருக்கும் புரதங்கள் பலவும் பி.சி.ஜி.யிலும் உண்டு. ஆனால் பிறந்தபோது போட்டதன் தாக்கம் வளர்வதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது, கிருமி உள்ளே புகுந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன். சந்தேகம் தீர சை-டிபி என்ற புதுப் பரிசோதனை ஊசி இருக்கிறது. பி.சி.ஜி. கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துச் சாதுவாக்கியபோது அது இழந்துவிட்ட இரண்டு புரதங்களே இதில் இருப்பதால், தடுப்பூசி குழப்பாது.

தடிப்பு என்றால் நோய் என்று பொருளில்லை. முதலில் மார்பு எக்ஸ்ரே எடுங்கள். இருமல், காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் சளியும் கொடுங்கள். நோய் இல்லையென்றால் தடுப்பு மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்: வாரம் ஒருமுறையாக 12 வாரம், அல்லது தினமும் 6 மாதம். வீட்டில் 5 வயதுக்குள் குழந்தை இருந்தால் மாண்டூவுக்காகக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவரானால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாராந்திர மருந்து அதன் வேலையைக் கெடுத்துவிடும்.