கேட்டறியும் கல்வி

சிரஞ்சீவி மருமானுக்கு, மாமா எழுதுவது.

"வைத்தியனாகப் போகும் நான் பிற சமயத்தாரின் ஆசார அனுஷ்டானங்களைக் கற்பதனால் தொழிலுக்கு யாது பயன்?" என்று வினவியிருந்தாய். இதற்கு விடையை ஒரு தமிழாசிரியரின் வாழ்க்கையிலிருந்தே கூற விரும்புகிறேன்.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் புராணங்களையும் பிரபந்தங்களையும் ஐயந்திரிபறக் கற்றவர். அத்தகையவரை, அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பாடம் சொல்லும்படி வேண்டியபோது, நச்சினார்க்கினியர் உரை கையிலிருந்தும், ஜைன சமயக் கருத்துகள் வருமிடங்களில் ஐயருக்குப் பொருள் புலப்படவில்லை. அப்போது அவர், தம் புலமையைப் பெரிதாகப் பாராட்டாமல், அவ்வூரிலேயே வாழ்ந்த ஜைனர்களின் இல்லங்களை நாடிச் சென்று, அந்நூலைப் பக்தியோடு பாராயணம் செய்துவந்த அவர்களிடம் மாணாக்கரைப் போல அமர்ந்து கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. 1898-இல் மணிமேகலையை வெளியிடுவதற்கு முன் பௌத்த தருமத்தையும் அவ்வாறே முயன்று பயின்றார். அதனால் அவருடைய சமய நிஷ்டை சிறிதும் குறையவில்லை. தமிழோ இரண்டு காப்பியங்களைத் திரும்பப் பெற்றது.

உன் தொழிலிலும் இத்தகைய தேவை நேரும். நாளை உன்னிடம் சிகிச்சைக்கு வருபவர் சூரியாஸ்தமனத்துக்குப் பின் ஆகாரம் கொள்ளாத ஜைனராக இருக்கலாம். "இரவு உணவுக்குப் பின் ஒரு மாத்திரை" என்று நீ எழுதும் சீட்டு அவருக்கு எவ்வாறு பயன்படும்? ரமலான் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளி ஒருவர் வரலாம். விடியலுக்கு முந்திய ஸஹர் உணவையும், அந்தியில் நோன்பு திறக்கும் வேளையையும் அறியாமல் அவருக்கு மருந்தின் அளவை வகுத்தல் அபாயமாக முடியும். நோயுற்றவர் நோன்பை விட்டுப் பின்னொரு நாளில் நோற்க இஸ்லாம் இடந்தருகிறது என்பதை நீ அறிந்திருந்தால், அவருடைய சிரத்தைக்குப் பங்கம் நேராமல் அதனைப் பற்றி அவரோடு பேச முடியும்.

ஆயினும் ஒரு சமயத்தார் அனைவரும் ஒரே வகையாக ஒழுகுவர் என்று கருதிவிடாதே. எதைக் கேட்க வேண்டும் என்பதை நூல்கள் உனக்குக் கற்பிக்கும். விடையை உன் எதிரே அமர்ந்திருப்பவரிடமே பெற வேண்டும். ஐயரவர்களுக்கு உரைநூல் தராத தெளிவை ஜைனர்களின் இல்லங்களே தந்தன என்பதை மறவாதே.

ஆதலால், மருந்துச் சீட்டில் பேனாவை வைப்பதற்கு முன், "தாங்கள் எந்த வேளைகளில் சாப்பிடுவது வழக்கம்?" என்று கேட்கும் பழக்கத்தை இன்றே கைக்கொள்வாயாக.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமா